பரஸ்தானம் வைத்த பெட்டி

அந்தப் பாஸ்போர்ட்டை மேல்பையில வைக்காதிய சார். குனிஞ்சா விழுந்திரும். முதல் தப்பு அங்கனதான் தொடங்குது. உள்பையில வையுங்க. ஆங், அப்படித்தான். பட்டனையும் போட்டுக்கிடுங்க. எந்த ஊருக்குப் போறிய? சிங்கப்பூரா? எத்தனை நாளு? அஞ்சா. சரி, சின்னப் பயணந்தான். ஆனா சின்னப் பயணத்துலதான் சார் பெரிய தப்பெல்லாம் நடக்கும். வருசக்கணக்குல இருக்கப் போறவனுக்கு ஒரு நாள் வீணாப்போனா என்ன, மறுநாள் பாத்துக்கிடுவான். நாலு நாளைக்குப் போறவனுக்கு அப்படியா? எனக்கு நாலு நாளும் போச்சு.

செத்தத் தள்ளி உக்காருங்க. வள்ளியூர்ல ஏறினா எனக்கு உக்கார இடமே கிடைக்காது, இன்னைக்கு உங்க புண்ணியம். நான் நாகர்கோயில்ல இறங்கிருவேன். பத்து மணிக்குள்ள அங்க ஒரு கையெழுத்துப் போடணும். தினமும் போடணும், அதைப் பொறவு சொல்லுதேன். நீங்க திருவனந்தபுரம் போய்ப் பிளேன் ஏறுததுக்குள்ள தெரிஞ்சுக்கிட வேண்டியது நெறைய இருக்கு. எனக்கு இதை ஒரு பய சொல்லித் தரல. நானா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

ஏல, முன் சீட்டு! அந்த செல்லுல பாட்டைக் குறைக்கியா, இல்ல சன்னல் வழியா வெளிய எறியட்டுமா? ... பாத்தியளா, ஒரு வார்த்தைதான். குறைச்சிட்டான். ஆளைப் பாத்தா நான் ஒரு மாதிரி தெரிவேன். ஆனா காரணம் இல்லாம ஒருத்தன் மேலயும் கை வைக்க மாட்டேன்.

எம்பேரு பலவேசம். பாளையங்கோட்டை பைபாஸ்ல லாரி டயர் கடை வச்சிருக்கேன். முப்பது வருசமா லாரி வீலைக் கழட்டி மாட்டுத கை இது. மடக்கினா தேங்கா கணக்கா இருக்கும், பாருங்க. வீட்டுக்காரி பேரு பிரமு. ஒரே மக, வடிவு. வடிவு இருக்கது துபாய்ல. மூணு வருசமா எங்கூடப் பேசாம இருந்தா. என்ன காரணம்னு கேக்கியளா? பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. எங்க கடைக்கு எதுத்தாப்புல லாரிக்குப் பாடி கட்டுத பட்டறை இருக்கு. அங்க ஜெபசிங்குன்னு ஒரு எலக்ட்ரீசியன். அவனை இவளுக்குப் புடிச்சுப்போச்சு. வேற மதம், வேற ஆளுக. ரெண்டு பேரும் ஒரு நாள் கடைக்கே வந்து நின்னு, "எங்களைச் சேத்து வையுங்க"ன்னாவ. கடையில வச்சு! வேலை நேரத்துல!

நான் கோவப்படல சார். நெசமாச் சொல்லுதேன். "எந்தக் கையால அவ கையைப் புடிச்ச?"ன்னு பையத்தான் கேட்டேன். சோத்துக்கையைக் காட்டினான். "அந்த வீல் டிஸ்க்கு மேல வை"ன்னேன். அவன் என் மூஞ்சியப் பாத்தான், பொறவு வடிவைப் பாத்தான். "ஒரு அடியோட தீரும்னா வைக்கேன் மாமா"ன்னான். வச்சான். டயர் லிவர் தெரியுமா உங்களுக்கு? டயரை நெம்பிக் கழட்டுத இரும்புக் கம்பி. ஒரே அடி. எலும்பு முறிஞ்ச சத்தம் ரோட்டுல போன லாரி ஆரனையும் மீறிக் கேட்டுது. வடிவுதான் கத்தினா. அவன் கத்தல, அப்படியே உக்காந்துட்டான். ரெண்டாவது அடி நான் அடிக்கவே இல்ல. ஒரு அடின்னா ஒரு அடிதான், பேச்சு மாறமாட்டேன். அந்த நியாயத்தை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் பேசல. மறுமாசமே ரெண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணத்தை முடிச்சுக்கிட்டாவ. பொறவு துபாய்க்குப் போயிட்டாவ.

மூணு வருசம் கழிச்சு அவகிட்ட இருந்து போன் வருது. "அப்பா, பொம்பளப் பிள்ள பொறந்து எட்டு மாசமாச்சு. நீங்களும் அம்மையும் வந்து ஒரு நாலு நாளு பாத்துட்டுப் போங்க. நாலு நாளைக்குத்தான் அவரு சரின்னிருக்காரு. சத்தம் போடாம இருந்துட்டுப் போவியளா?"ன்னா. "நான் என்னைக்குட்டி சத்தம் போட்டேன்?"ன்னு கேட்டேன். கடையில நின்ன நாலு பேரும் திரும்பிப் பாத்தானுவ.

போனை வச்சதும் டயர் அடுக்குக்குப் பின்னால போயி அழுதேன் சார். வெக்கமில்லாமச் சொல்லுதேன். பேத்தியத் தூக்கணும். ஒரு தடவை தூக்கி இந்தத் தோள்ல போட்டுக்கிடணும். எனக்கு அம்புட்டுத்தான் வேணும். இருக்கது நாலு நாளு. அதுல ஒரு மணி நேரங்கூட வீணாகக்கூடாதுன்னு அன்னைக்கே ஒரு நோட்டு வாங்கித் திட்டம் போட ஆரம்பிச்சேன்.

நீங்க நோட்டுப் போட்டிருக்கியளா? இல்லையா? தப்பு சார், பெரிய தப்பு. நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கதுல இருந்து எழுதியிருந்தேன். பேத்திய காலையில ஏழு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் நான் வச்சிருக்கணும். பிரமுவுக்குப் பத்துல இருந்து பத்தரை. சாயங்காலம் மறுபடி நான். "பிள்ள தூங்குத நேரம்?"னு பிரமு கேட்டா. "நோட்டை போட்டோ எடுத்து வடிவுக்கு அனுப்பியிருக்கேன், அதுக்கேத்தாப்புல தூங்கப் பழக்கட்டும்"னேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய?

டிக்கெட்டு எடுத்துக் குடுத்த டிராவல்ஸ்காரன் விவரமான பையன். என்னென்ன கொண்டுபோகக் கூடாதுன்னு அச்சடிச்ச தாளு ஒண்ணு குடுத்தான். முதல்ல இருந்தது கசகசா. நாம குருமாவுக்கு அரைக்கோம்லா, அதேதான். அது அபின் செடி விதையாம், அந்த நாட்டுல அதைக் கொண்டுபோனாக் குத்தமாம். அடுத்து வெத்தலை, புகையிலை, டாக்டர் சீட்டில்லாத தூக்க மாத்திரை, இன்னும் என்னென்னமோ.

பிரமு வெளியாள்கிட்ட வாயைத் திறந்து எதையும் கேக்குத ஆளு இல்ல. எங்கூடக் குடும்பம் நடத்தின இத்தனை வருசத்துல ஒருத்தர்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டு நான் பாத்ததில்ல. அன்னைக்கு அந்தப் பையன்கிட்ட, "கசகசா இருந்தா என்னய்யா செய்வாவ?"ன்னு கேட்டா. "கொஞ்சமா இருந்தா சில நேரம் எடுத்துப் போட்டுட்டு விட்டுருவாங்கம்மா. சில நேரம் பெட்டி யார் பேர்ல இருக்கோ அவங்கள ரெண்டு மூணு நாளு உக்காரவச்சு விசாரிப்பாங்க"ன்னான். "பெட்டி யார் பேர்ல இருக்கோ அவியள மட்டுந்தானா?"ன்னு திருப்பிக் கேட்டா. ஆமான்னான். எனக்குப் பெருமையாப் போச்சு சார். பரவாயில்லையே, நம்மகூட இருந்து இவளுக்கும் திட்டம் போட வந்துட்டுதேன்னு நினைச்சேன்.

அந்தத் தாளை அவளை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். தினமும் கடையடைச்சு வந்து கை கால் கழுவுததுக்குள்ள எம்முன்னால நின்னு ஒப்பிக்கணும். பத்து நாளும் கசகசாவைத்தான் முதல்ல சொல்லுவா, ஒரு நாள்கூட விட்டதில்ல. ஒரு நாள் தூக்க மாத்திரைய விட்டுட்டா. கன்னத்துல ஒண்ணு வச்சேன். சோத்துப் பானையில போயி விழுந்தா. மறுநாள்ல இருந்து அதையும் விடல. சில பேருக்கு அடிச்சாத்தான் மனசுல நிக்கும், என்ன செய்ய?

பணகுடி வந்துட்டா? சரி, நேரம் இருக்கு. தண்ணி வேணுமா சார்? ஏன் வேர்க்குது உங்களுக்கு? நல்லாக் காத்து வருது.

இப்பச் சொல்லப் போறதுதான் முக்கியம். டிக்கெட்டு வெள்ளிக்கிழமைக்குத்தான் அமைஞ்சுது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். துபாய் எந்தப் பக்கம்? மேற்கே. சூலத்துக்கு எதிரா போனா போன காரியம் உருப்படாதுன்னு சோசியரு சொன்னாரு. அதுக்கு அவரே வழியும் சொன்னாரு. புதன்கிழமை காலையில நல்ல நேரத்துல பெட்டிய பரஸ்தானம் வச்சிரணும். பரஸ்தானம்னா தெரியும்லா? கிளம்புத நாளு சரியில்லன்னா, அதுக்கு முன்னாடியே ஒரு நல்ல நாளு பாத்துப் பெட்டியக் கொண்டுபோயி அடுத்த வீட்டுல வச்சிருவாவ. பயணம் அன்னைக்கே தொடங்கிட்டதாக் கணக்கு. பொறவு சூலம் ஒண்ணும் செய்யாது.

நானே என் கையால பெட்டிய அடுக்கினேன். நோட்டைப் பாத்து ஒவ்வொண்ணா அடுக்கி, பூட்டி, சாவியப் பிரமு முந்தியில முடிஞ்சு குடுத்தேன். குடும்பத்துக்கு ஒரே பெட்டி, அதுவும் என் பேர்ல. ரெண்டு பெட்டின்னா ஒண்ணு தொலையும். பக்கத்து வீட்டு நம்பிராஜன் அண்ணாச்சி வீட்டுல கொண்டுபோயி வச்சோம். ரிட்டையர்டு போஸ்ட்மேன். அறுபத்தெட்டு வயசு, ஒண்டிக்கட்டை. பெட்டிய சாமி ரூம்புலயே வச்சுக் குங்குமம் வச்சாரு. பிரமு ரெண்டு நாளும் சாயங்காலம் போயி, கதவைச் சாத்திக்கிட்டுப் பெட்டிக்குப் பூ வச்சு வெளக்குக் காட்டிட்டு வந்தா. "பெட்டிக்கு எதுக்குட்டி வெளக்கு?"ன்னேன். "பயணம் நல்லபடியா அமையணும்லா"ன்னா. அவளுக்கும் பேத்தி மேல அம்புட்டு ஆசை.

துபாய்ல இறங்கி, பெட்டிய மிசின்ல விட்டு எடுத்தோம். ஒருத்தன் கையைக் காட்டி நிறுத்திப் பெட்டியத் திறக்கச் சொன்னான். திறந்தேன், எனக்கென்ன பயம்? என் வேட்டி மடிப்புக்குள்ள இருந்து கை அகலத்துக்கு ஒரு பொட்டலம் எடுத்தான். பிரிச்சான். கசகசா. அங்க வேலை பாக்குத மலையாளி ஒருத்தரு வந்து, "இது உங்க பெட்டியா?"ன்னு கேட்டாரு. பேரு இருக்கே, இல்லன்னா சொல்ல முடியும்? பிரமுவைப் பாத்தேன். தரையப் பாத்துக்கிட்டு நிக்கா. "சொல்லுட்டி, இது நம்மது இல்லன்னு!"ன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னா.

பெட்டியத் திறக்கச் சொன்ன ஆளு மரியாதையாத்தான் சேரைக் காட்டி உக்காரச் சொன்னான், பொய் சொல்லக்கூடாது. ஆனா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வடிவு நிக்கா சார். இடுப்புல பேத்தி. மஞ்சக் கவுனு. மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பியிருக்கு, பின்மண்டை முடி மட்டுந்தான் தெரியுது. நான் எப்படி உக்காருவேன்? கதவைப் பாக்க நடந்தேன். அந்த ஆளு என் நெஞ்சுல கையை வச்சுத் தடுத்தான். நெஞ்சுல! சட்டையைக் கொத்தாப் புடிச்சு ஒரு தள்ளு. மேசை முனையில அவன் தலை இடிச்சுது. அடுத்த நிமிசம் நாலு பேரு எம்மேல. ஒருத்தன் முட்டியால என் பிடரிய அமுக்குதான், கையை முறுக்கிப் பின்னால கட்டுதான். கன்னம் தரையில ஒட்டிக்கிடக்கு, வாயில ரத்தம். அங்க இருந்து பாத்தா பிரமுவோட செருப்பு மட்டும் தெரியுது. நேரா கதவைப் பாத்துப் போயிட்டு இருக்கு. ஒரு தடவைகூட நிக்கல.

அதனாலதான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க: கூட வாரவுகளுக்கு அந்த நேரத்துல எப்படி நடந்துக்கிடணும்னு முன்னாடியே சொல்லி வச்சிரணும். நான் அதை நோட்டுல எழுதாம விட்டுட்டேன்.

உள்ள ஒரே ரூம்புல பதினோரு பேரு. ஒருத்தன் என் இடத்துல படுத்தான்னு அவன் மூக்குல ஒரு குத்து விட்டேன். அதுக்கு எனக்கு ஆறு பேர்கிட்ட கிடைச்சுது. விலாவெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. ஜெபசிங்கு தினமும் சாப்பாடு கொண்டாருவான். "பிள்ள எங்கல?"ன்னு கேப்பேன். "தூங்குது மாமா"ம்பான். மறுநாளும் கேப்பேன். "தூங்குது மாமா." நாலு நாளும் இதே பதிலு. ஒரு பிள்ள நாலு நாளாவா தூங்கும்? நான் அனுப்பின நேரம் எதையும் அவிய கடைப்பிடிக்கலன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஜெபசிங்குதான் அவன் முதலாளியக் கூட்டிட்டு வந்து, மேசையில தலை இடிச்ச அந்த ஆளு கால்ல கைல விழுந்து, கேஸ் இல்லாம ஊருக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணினான். இனிமே அந்த நாட்டுக்குள்ள நான் வரக்கூடாதுன்னு உத்தரவு. ஒரு தாள்ல எனக்காக அவன் கையெழுத்துப் போடணும். பேனாவை எடதுகையில எடுத்து, ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சுக்கிட்டு இருக்கான். எனக்கு எரிச்சலு. "சீக்கிரம் போடுல, சோத்துக்கையால போட வேண்டியதுதான?"ன்னு அதட்டினேன். "அந்தக் கையில மூணு விரல் மடங்காது மாமா"ன்னான். எனக்கு எப்படி சார் தெரியும்? மூணு வருசமா ஒரு வார்த்தை யாரும் சொல்லல. பக்கத்துல நின்ன போலீஸ்காரன் வந்து எனக்குப் போட்டிருந்த விலங்கை இன்னும் ஒரு பல்லு இறுக்கினான்.

திரும்பி வாரதுக்குப் பிளேன்ல ஏத்தும்போதுதான் பிரமுவைப் பாத்தேன். புதுச் சேலை. நாலு நாளும் மகளோட இருந்திருக்கா. என் மூணு மணி நேரம், அவ அரை மணி நேரம், எல்லாத்தையும் சேத்து அவளே வச்சிருந்திருக்கா. எம்பக்கத்துல உக்காந்ததும் அவ தோள்ல இருந்து ஒரு வாடை வந்துது. பிள்ள பால் கக்கின வாடை. பவுடரும் பாலும் சேந்த வாடை இருக்கும்லா, அது. நாலு மணி நேரம் அதை மோந்துக்கிட்டே வந்தேன். எனக்கு என்ன செய்யதுன்னு தெரியல சார். அவ கையைப் புடிச்சேன். இறுக்கினேன். கண்ணாடி வளையல் நொறுங்கிச் சதையில இறங்கிட்டு. அந்த ஏர் ஹோஸ்டஸ் பிள்ள பஞ்சு கொண்டாந்து என்ன ஆச்சுன்னு கேட்டுது. "இடிச்சிட்டேம்மா"ன்னு பிரமு சிரிச்சா. கையில ரத்தம் ஓடுது, சிரிக்கா.

ஊரு வந்துட்டு. காலையில நான் வீட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு இருக்கேன். நம்பிராஜன் அண்ணாச்சி வாராரு. நாலு நாளு பேப்பரையும் அடுக்கிக் கையில கொண்டாராரு. "வா தம்பி, பேத்தி எப்படி இருக்கா? உன் சாடையா, பிரமு சாடையா?"ன்னாரு.

யோசிச்சுப் பாருங்க சார். பெட்டிய அடுக்கினது நான். பூட்டினது நான். சாவி எங்க வீட்டுல. ரெண்டு நாளு பெட்டி இருந்தது அவரு வீட்டுல. அப்ப கசகசாவை வச்சது யாரு? கள்ளச்சாவி போட்டிருக்காரு. காலமெல்லாம் ஊரான் வீட்டுக் கவரைத் தூக்கின ஆளுக்குப் பிரிச்சு ஒட்டத் தெரியாதா? இம்புட்டையும் பிளேன்லயே யோசிச்சு முடிச்சிட்டேன். ஆத்திரத்துல கை நீட்டல, கணக்குப் போட்டுத்தான் அடிச்சேன்.

முதல் அடியில பல்செட்டு தெறிச்சு ரோட்டுல போயி விழுந்துது. பேப்பரெல்லாம் பறந்துட்டு. "தம்பி, என்ன தம்பி"ங்காரு, பல்லில்லாம ஒண்ணும் புரியல. விலாவுல ஒரு மிதி. சுருண்டுட்டாரு. முடியப் புடிச்சுத் தூக்கி வாசப்படியில தலைய மோதினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. காதுல இருந்து ரத்தம் வந்துது. பிரமு ஓடியாந்து என் காலைக் கட்டிக்கிட்டு, "அவரை விடுங்க, நாந்தான் வச்சேன், நாந்தான் வச்சேன்"னு அலறுதா. பாத்தியளா, அடுத்த வீட்டுக்காரரைக் காப்பாத்த என்னமா பொய் சொல்லுதான்னு எனக்கு இன்னும் ஏறிட்டு. அவளை உதைச்சுத் தள்ளிட்டு மறுபடி மோதினேன். தெருவே கூடிப் புடிச்சு இழுத்துதான் நிறுத்தினாவ. ஆயுதம் ஒண்ணும் எடுக்கல, வெறுங்கைதான். அதையும் ஒருத்தரும் பேசல.

முன் சீட்டுக்காரன் இறங்கிட்டான் போலுக்கு. காவல்கிணறுதான் வந்திருக்கு. அவன் நாகர்கோயிலுக்குல்லா டிக்கெட் எடுத்தான்?

ஸ்டேசன்ல இன்ஸ்பெக்டர் முன்னால பிரமு மறுபடி அதையே சொன்னா. "நாந்தான் சார் வச்சேன். வெளக்குக் காட்டப் போனபோது திறந்து வச்சேன். எம்மகளுக்குக் குருமாவுக்கு ஆகும்னு வச்சேன்." இன்ஸ்பெக்டர், "கொண்டுபோகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"ன்னாரு. நாந்தான் குறுக்க விழுந்து, "தெரியாம எப்படி சார்? பத்து நாளு ஒப்பிச்சாளே, முதல்ல அதைத்தான சொல்லுவா!"ன்னேன். அவரு அவளையே ரொம்ப நேரம் பாத்தாரு. வீங்கின கன்னத்தைப் பாத்தாரு, மணிக்கட்டுக் கட்டைப் பாத்தாரு. "மறந்துட்டியளா?"ன்னாரு. "ஆமா சார், மறந்துட்டேன்"னா. அவளுக்கு ஒரு டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. எனக்குச் சொல்லல.

"அண்ணாச்சி சாகக் கிடக்காரே, எம்பாவம், எம்பாவம்"னு அவரு பேரைச் சொல்லித்தான் அழுதா. நான் நாலு நாளு அடிவாங்கினதுக்கு ஒரு சொட்டு இல்ல. எனக்குப் பொறுக்கல. அங்க வச்சே கையை ஓங்கினேன். இத்தனை வருசமும் நான் கையத் தூக்கின உடனே தலைய ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டுக் குனிஞ்சிருவா. அன்னைக்குக் குனியல. அப்படியே நின்னு என் கண்ணைப் பாத்தா. குனியவும் மறந்துட்டா, பாத்துக்கிடுங்க. அப்படியொரு மறதி. என் கைதான் அந்தரத்துல நின்னுட்டு, எப்படி இறக்கதுன்னு தெரியல. ஏட்டு ஒருத்தரு வந்து இறக்கிவிட்டாரு.

கொலை முயற்சின்னு கேஸ். உள்ள போட்டாவ. நம்பிராஜன் பொழச்சுக்கிட்டாரு, ஒரு காது கேக்காது, விலாவுல கம்பி வச்சிருக்காவ. ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு ஜாமீன் கிடைச்சுது. பாளையங்கோட்டைக்குள்ள கால் வைக்கக் கூடாது, நாகர்கோயில்ல தினமும் கையெழுத்துப் போடணும்னு நிபந்தனை. வள்ளியூர்ல சித்தப்பா மகன் வீட்டுல இருக்கேன். அவன் பிள்ளைகளை எம்பக்கத்துல விடமாட்டாங்கான், என்ன காரணமோ.

பிரமு இப்ப துபாய்ல இருக்கா சார். நான் உள்ள இருக்கும்போதே போயிட்டா. எப்படிப் போனான்னு கேளுங்க. வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம். கிளம்பினது பதினோரு மணி, நட்டநடு ராகுகாலம். நோட்டு இல்ல, சோசியம் இல்ல, கையில ஒரு துணிப்பை. இதுவரைக்கும் தனியா பஸ்ஸுல தென்காசி போனதில்ல அவ. ஒரு தப்பு விடாம எல்லாத் தப்பையும் பண்ணியிருக்கா. போயிச் சேந்துட்டா. அன்னைக்குச் சாயங்காலமே பேத்திய மடியில வச்சுக்கிட்டு ஆசுபத்திரியில கிடந்த நம்பிராஜனுக்கு வீடியோவுல காட்டியிருக்கா. இது எப்படி சார் நடக்கும்? நீங்க படிச்ச ஆளு, சொல்லுங்க.

பேத்திக்கு இப்ப ஒரு வயசாயிட்டு. நடக்காளாம். எனக்கு ஒரு போட்டோ அனுப்பலாம்லா? நான் போன் போட்டா எடுக்க மாட்டாங்கா. வடிவும் எடுக்க மாட்டாங்கா. ஒரே ஒரு தடவை ஜெபசிங்கு எடுத்தான். "பிள்ள எங்கல?"ன்னேன். "தூங்குது மாமா"ன்னான். பின்னால சிரிக்க சத்தம் கேக்குது. குழந்தை சிரிக்கது, கூடவே பிரமு சிரிக்கது. பிரமு சிரிச்சா இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாது, முதல்ல யாரோன்னு நினைச்சேன்.

இறங்கணும், வடசேரி வந்துட்டு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன், இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். என் வக்கீல் விசாரிச்சுச் சொன்னாரு. ஜெபசிங்கு அவளுக்கு ரெண்டு வருசத்துக்கு விசா எடுத்திருக்கானாம். நாலு நாளு பிள்ளையப் பாக்கப் போறவளுக்கு எதுக்கு சார் ரெண்டு வருசம்? டிக்கெட்டும் போறதுக்கு மட்டுந்தான் எடுத்திருக்காவ. திரும்பி வாரதுக்கு எடுக்கவே இல்ல. ரெண்டையும் சேத்து எடுத்தாத்தான சல்லிசு? பாவம், அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நான் பக்கத்துல இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.